பத்து வருடம் திறக்காத மல்டிடூல்

தம்பி,

இந்த உறைக்குள் கடிதத்தோடு சின்னதாக ஒரு காகித மடிப்பும் இருக்கும். கோயிலில் விபூதி மடித்துத் தருவதுபோல் நான்காக மடித்திருக்கிறேன். அதை இப்போது பிரிக்காதே. முதலில் இதைப் படித்து முடி. உலக அவசரக்காரன் நான். அவசரப்படாதே என்று நானே சொன்னால் உனக்குச் சிரிப்புத்தான் வரும். சிரித்துக்கொள். போனில் பேசினால் நாம் இருவரும் "சாப்ட்டியா?", "சாப்ட்டேன் பா", "சரி, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்பதோடு முடித்துவிடுவோம். வருடக்கணக்கில் அப்படித்தானே முடித்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். "ஏங்க, இந்தக் காலத்துல யாருங்க லெட்டர் எழுதுறா? வாட்சப்ல வாய்ஸ் போட்டா என்னா?" என்று உன் அம்மா கேட்டாள். வாய்ஸ் போட்டால் பாதியில் என் குரல் ஏறிவிடும் என்றேன். அது அவளுக்குத் தெரியாததா? தையல் மெஷின் பக்கம் போய்விட்டாள்.

உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். போன ஞாயிற்றுக்கிழமை பெம்பானிலிருந்து சுகன்யா வந்திருந்தாள், ரவிக்கைக்கு அளவு கொடுக்க. உன் அம்மா குண்டூசி தேடினாள். நம் வீட்டில் குண்டூசி எந்த டின்னில் இருக்கும், முறுக்கு எந்த டின்னில் இருக்கும் என்று கட்டினவனுக்கே தெரியாது. கட்டிக்கொள்ளப்போகிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? உதவி செய்கிறேன் என்று மேல் அலமாரியிலிருந்த பழைய பிஸ்கட் டின்னை இறக்கித் திறந்துவிட்டாள். உள்ளே ஊசி இல்லை. என் மல்டிடூல் இருந்தது. பிளாயர், கத்தி, ரம்பம், அரம், கத்தரி எல்லாம் ஒரே கைப்பிடிக்குள் மடங்கிக் கிடக்குமே, அது. உன் அம்மா அதற்கு வைத்த பெயர் மடக்குக் கத்தி.

"மாமா, இது என்னா, தொறக்கவே மாட்டேங்குது?" என்று அந்தப் பிள்ளை இரண்டு கைப்பிடியையும் இழுத்துப் பார்த்தாள். நான் வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். பயந்துபோனாள், பாவம். "அது கெட்டுப்போச்சும்மா" என்றேன். சமாளித்துக்கொண்டு, "கெட்டுப்போச்சா, இல்ல மாட்டிக்கிச்சா மாமா? கெட்டதுனா புடுங்கணும். மாட்டிக்கிட்டதுனா கிளீன் பண்ணா போதும் லா" என்றாள். பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறவள் அல்லவா, எதைப் பார்த்தாலும் கடைவாய்ப் பல்லாகத்தான் தெரியும்போல. இருபத்திரண்டு வருடம் புக்கிட் ரம்பாய் பேக்டரியில் மெஷின் ரிப்பேர் பார்த்த எனக்கு, இருபத்தாறு வயதுப் பெண் கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. டின்னில் போட்ட பிறகு அதை நான் ஒரு நாளும் பிரித்துப் பார்க்கவே இல்லையே, எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். உன் அம்மா சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள், கை சும்மா இல்லை, அதனால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் வெளியே கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது உனக்குத் தெரியாது. "நலுங்குக்கு நீயும் தாய்மாமாவும் சந்தனம் வைங்க மா, அது போதும். அப்பா சும்மா பக்கத்துல நிக்கட்டும்" என்றாய். "டேய், அப்பாவுக்கு மனசு கஷ்டமா இருக்கும்டா" என்றாள் அவள். "அவருக்கு என்னா மா, அவரெல்லாம் கஷ்டப்பட மாட்டாரு" என்றாய் நீ. கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கு என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாய். நான் எழுந்து உள்ளே வந்து போனைப் பிடுங்கியிருப்பேன், பழைய ஆளாக இருந்தால். மழைத்தண்ணீர் கூரை விளிம்பிலிருந்து கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. அன்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த மல்டிடூல் எனக்கு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் இன்னொரு தடவை சொல்கிறேன், வயதானவன் சொன்னதையே சொல்வான். பேக்டரியில் என்னோடு ஆறு வருடம் இருந்த ஜப்பான்கார எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது, தன் இடுப்பிலிருந்து கழற்றி என் கையில் வைத்துவிட்டு, குனிந்து கும்பிட்டார். நானும் குனிந்தேன். இரண்டு பேரும் மாறி மாறிக் குனிந்துகொண்டே இருந்ததைப் பார்த்து லைனில் வேலை செய்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். உனக்கு அப்போது ஆறு வயது. ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொன்னாய். கடைசியாக ரம்பம் வந்தபோது, "இதுக்கு எத்தன கை பா!" என்று வாயைப் பிளந்தாய்.

அதற்கு அடுத்த வருடம் கோலா சுங்கை பாருவில் நடந்தது உனக்கு நினைவிருக்கிறதா? நான் இப்போதெல்லாம் மத்தியானம் கண் அசந்தால் அங்கேதான் போய் நிற்கிறேன். கடல் உள்ளே வாங்கியிருக்கிறது. சேற்றில் சின்னச் சின்ன நண்டுகள் ஓடுகின்றன. நீ கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் தூண்டிலின் முள்ளை உன் கட்டைவிரலில் ஏற்றிக்கொண்டு, அழாமல் என்னிடம் நடந்து வருகிறாய். முள்ளின் நுனியில் எதிர்ப்பல் இருக்கும், வந்த வழியே இழுத்தால் சதையைக் கிழிக்கும். முன்னால் தள்ளி, நுனியை வெளியே எடுத்து, பிளாயரால் அதை வெட்டிவிட்டுத்தான் பின்னால் உருவ வேண்டும். "கண்ண மூடிக்கிட்டா வலிக்காதுல்ல பா?" என்று கேட்டாய். "வலிக்காது" என்று கூசாமல் பொய் சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாய். அந்தக் கை என் உள்ளங்கையில் எப்படிக் கிடந்தது தெரியுமா, தூங்குகிற பூனைக்குட்டி மாதிரி. நான் வெட்டி உருவி எடுத்த பிறகும் நீ கண்ணைத் திறக்கவில்லை. "முடிஞ்சிருச்சுய்யா" என்று நான் சொன்ன பிறகுதான் திறந்தாய்.

இனிமேல் எழுதப்போவதை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. உனக்குப் பதினேழு வயது. எஸ்.பி.எம். பரீட்சை முடிந்த கையோடு, கூட்டாளிகள் மூன்று பேருடன் அதே கோலா சுங்கை பாருவுக்கு மீன் பிடிக்கப் போனாய். அலமாரியிலிருந்து என் மல்டிடூலை என்னைக் கேட்காமல் எடுத்துப் போனாய். அதைத் தொலைத்துவிடுவேனோ என்று பயந்து நானே வேலைக்குக் கொண்டுபோவதை நிறுத்தியிருந்த காலம் அது. திரும்பி வந்து மேசையில் வைத்தாய். நான் எடுத்துப் பார்த்தேன், திறக்கவில்லை. மடிப்பு ஓரத்தில் சிவப்பாக என்னவோ கசிந்து காய்ந்திருந்தது. துரு. கடல்தண்ணி. முடிந்தது கதை. எத்தனை மெஷின் பார்த்தவன் நான், திறந்து வேறு பார்க்க வேண்டுமா? "எடுக்கும்போதே டைட்டாதான் இருந்துச்சு பா. தொறக்க முடியலன்னு பேக்குள்ளயே வச்சிட்டேன். தண்ணில போடவே இல்ல பா" என்று சொன்னாய். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னாய். மூன்றாவது தடவை சொல்லி முடிப்பதற்குள் அடித்துவிட்டேன். உன் கூட்டாளிகள் மூன்று பேரும் தூண்டிலோடு வாசலில் நின்றார்கள். மீன் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. "பொய் சொல்றவன் என் வீட்டுப் பிள்ளையே இல்ல" என்று வேறு கத்தினேன். எனக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது.

நீ "சரி" என்று மட்டும் சொன்னாய். போய்க் கையைக் கழுவினாய். டெக்னிக்கல் காலேஜில் மெக்கானிக்கல் படிக்கப் பூர்த்தி செய்து வைத்திருந்த பாரம் உன் மேசை டிராயரிலேயே கிடந்தது, நீ அனுப்பவில்லை. பிறகு தலைநகர் கே.எல். போனாய், படித்தாய், இன்று காப்புறுதி ஆபீஸில் நல்ல வேலை, எனக்கு அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் ஒரு பல்பு மாற்றக்கூட ஆள் கூப்பிடுகிறாய் என்று சுகன்யா சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்ட பிள்ளை நீ. இன்னொன்றும் உண்டு. நீ கவனித்துச் செய்கிறாயா, கவனிக்காமலே செய்கிறாயா, தெரியாது. அன்றிலிருந்து என் கையிலிருந்து நேராக நீ எதையும் வாங்கியதில்லை. கார் சாவியை நீட்டினால் கையை நீட்ட மாட்டாய். மேசையில் வைத்தால் எடுத்துக்கொள்வாய். தீபாவளிக்குப் புதுச்சட்டையை நீட்டினாலும், "அங்க வைங்க பா, எடுத்துக்கிறேன்" என்பாய். உன் அம்மாவுக்கே இது தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

நீ ஸ்பீக்கரில் பேசியதற்கு மறுநாள், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், அதைத் திறப்பது என்று முடிவு செய்தேன். வெளியே பிளாஸ்டிக் மேசையைப் போட்டு, விளிம்பு உள்ள டிரே ஒன்றை வைத்து, அதன்மேல் வெள்ளைத் துண்டை விரித்தேன். தெறிக்கிற ஸ்க்ரூவும் வாஷரும் தரையில் விழுந்தால் இந்த ஜென்மத்தில் கிடைக்காது. துண்டில் விழுந்தால் உருளாது, வெள்ளையில் கண்ணுக்கும் தெரியும். பேக்டரியில் போட்ட பழைய பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங் பத்து வருடமாக அழுத்தத்தோடு காத்திருக்கிறது, விடுபட்டால் நேராகக் கண்ணைப் பார்த்துத்தான் வரும். பிளேடு பக்கம் பிடிக்கிற கைக்குக் கிழியாத கையுறை. "மீசைக்கார டாக்டருக்கு ஆபரேஷன் தியேட்டரா?" என்று உன் அம்மா கேலி செய்தாள். செய்யட்டும். ஒவ்வொரு மூட்டிலும் துளித்துளியாக ஊடுருவுகிற எண்ணெயை விட்டுவிட்டு, உட்கார்ந்தேன். அன்றைக்கு வேலை அவ்வளவுதான். எண்ணெய் உள்ளே போக ஒரு நாளாவது வேண்டும். முறுக்கித் திறக்கப் பார்த்தால் உள்ளே ஒட்டியிருப்பது உடைந்து பிளேடைக் கீறிவிடும், இல்லாவிட்டால் பட்டென்று திறந்து கையைப் பிளக்கும்.

காத்திருந்தபோது கண் அசந்துவிட்டது. கனவில் அந்த மல்டிடூல் கோலா சுங்கை பாருவில் தண்ணீருக்கு அடியில், எல்லாக் கையையும் விரித்துக்கொண்டு நண்டு மாதிரி மெல்ல நடந்து போனது. ஏழு வயதில் நீ அதன் பின்னாலேயே போகிறாய். உன் தலைக்கு மேல் தண்ணீர், ஆனாலும் நீ நனையவில்லை, சட்டை காய்ந்தே இருக்கிறது. நான் கரையிலிருந்து, "டேய், தண்ணியிலயா போட்ட?" என்று கத்துகிறேன். நீ திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாய். விழித்தபோது மழை விட்டிருந்தது. எண்ணெய் துண்டில் ஒரு காசளவுக்குப் பரவியிருந்தது.

இரண்டாம் நாள் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஸ்க்ரூவுக்குப் போனேன். அதன் தலையில் நட்சத்திரப் பள்ளமும், பள்ளத்துக்கு நடுவே சின்ன முளையும் இருக்கும். அதற்கென்று நடுவில் துளை உள்ள ஸ்க்ரூடிரைவர் பிட்தான் போட வேண்டும். கிட்டத்தட்ட பொருந்துகிற பிட்டைப் போட்டு அழுத்தினால் தலை வழுக்கிப்போகும், பிறகு பிரம்மா வந்தாலும் கழற்ற முடியாது. அந்தப் பக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கத் தலையைத் திருப்பினால்தான் சுழலும், சும்மா திருப்பினால் இரண்டும் சேர்ந்து சுற்றும். என் இடது கட்டைவிரலுக்கு இப்போது பிடிமானம் இல்லை தம்பி, டம்ளரே நழுவுகிறது. அதனால் ஒரு பிட்டை மேசைப் பிடிகருவியான வைஸில் நிமிர்த்தி இறுக்கி, அதன்மேல் மல்டிடூலை உட்கார வைத்து, மேலிருந்து திருப்பினேன். அசையவில்லை. ஆட்டத்தில் கழன்றுவிடாமல் இருக்க மரையில் பசை போட்டிருப்பார்கள். சோல்டரிங் அயர்னின் சூடான நுனியை ஸ்க்ரூ தலையில் வைத்து இருபது எண்ணினேன். பசை இளகியது. கால் சுற்று. நிறுத்தி, போனில் ஒரு படம். இன்னொரு கால் சுற்று. ஒவ்வொன்றும் வெளியே வர வர ஒரு படம், பிளேடு வந்ததும் அதன் கூர்வாயில் மாஸ்கிங் டேப் ஒரு சுற்று, வந்த வரிசையிலேயே துண்டில் இடமிருந்து வலமாக. பழைய நான் இப்படிப் படம் பிடிக்கிற ஆளா? "எல்லாம் மண்டையில இருக்கு" என்பேனே. மண்டையில் இருந்த லட்சணத்தைத்தான் பார்த்தோமே.

மூன்றாம் நாள் கத்தியின் அடிப்பகுதி வந்தது. கத்திக்கும் தாள்போல் மெல்லிய பித்தளை வாஷருக்கும் நடுவே, இறுகிக் கல்லாகிப்போன ஒரு வளையம். மேலே கருஞ்சிவப்பு. நான் நினைத்த அதே துரு. இதைச் சுரண்ட, உன் அம்மா சொல்லிக் கேட்டு, சுகன்யா கிளினிக்கில் கழித்துப்போட்ட பல் சுரண்டும் கொக்கி ஒன்றைச் சுத்தம் செய்து கொடுத்தனுப்பியிருந்தாள். மெல்லச் சுரண்டினேன். துருவாக இருந்தால் கீழே இரும்பு அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருக்க வேண்டும். கடல்தண்ணி என்றால் முதலில் ஸ்ப்ரிங்தான் தின்னப்பட்டிருக்கும். ஸ்ப்ரிங் புதிது மாதிரி இருந்தது. சுரண்டிய இடத்தில் இரும்பு என் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. சிவப்புக்கு அடியில் மஞ்சள் வந்தது. காய்ந்த துணுக்கு ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தேன். சூடு ஏற ஏற வாசனை எழுந்தது.

சந்தனம், தம்பி. சந்தனமும் குங்குமமும்.

நான் என்ன செய்தேன் என்று அந்த வாசனையிலேயே முழுதாகத் திரும்பி வந்தது. நீ மீன் பிடிக்கப் போவதற்கு இரண்டு மாதம் முன்னால், ஆயுத பூசை. சாமி மேடைக்கு முன்னால் என் டூல்ஸ் பெட்டி, மோட்டார்சைக்கிள் சாவி, உன் அம்மாவின் தையல் மெஷின், உன் பரீட்சைப் புத்தகம். எல்லாவற்றுக்கும் அவள் அளவாக ஒரு பொட்டு வைத்தாள். மல்டிடூலை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன். எல்லாக் கையையும் விரித்து, ஒவ்வொரு மூட்டிலும் பன்னீரில் குழைத்த சந்தனத்தைக் கட்டியாக அப்பி, மேலே குங்குமத்தை அழுத்தினேன். "ஏங்க, மூட்டுல அப்பாதீங்க, வெளியில ஒரு பொட்டு வச்சா போதும்" என்று அவள் சொன்னாள். "சாமி விஷயத்துல கஞ்சத்தனம் பாக்காத!" என்று அதட்டினேன். பிறகு தாம்பாளத்தில் அடங்கவில்லை என்று சந்தனத்தோடு அப்படியே மடக்கி வைத்தேன். விஜயதசமி முடிந்ததும் வெளியே மட்டும் துடைத்து அலமாரியில் போட்டேன். உள்ளே அது இறுகிச் சிமெண்டாகிவிட்டது. நீ எடுக்கும்போதே டைட்டாகத்தான் இருந்தது. நீ சொன்னாயே, மூன்று தடவை.

துணுக்கை நாக்கில் வைத்தும் பார்த்துவிட்டேன். "அய்யய்யோ, என்னாத்த வாயில போடுறீங்க!" என்று உன் அம்மா ஓடிவந்தாள். உப்பு இல்லை. துளி உப்புக்கூட இல்லை. அவளிடம் விரலை நீட்டினேன். முகர்ந்தாள். "இது நான் கொழச்ச சந்தனங்க" என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லிக்காட்டுவதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. சொல்லவில்லை. "புள்ளகிட்ட சொல்லுங்க" என்றாள். அது மட்டும்தான் சொன்னாள். நான் அழுதேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பாதி சொல்லிப் பாதி மறைத்தால் என்ன பிரயோசனம்? பக்கத்து வீட்டு ரைஸ் குக்கர் கெட்டுப்போனால்கூட கேட்காமலே பிரித்துப் பார்க்கிறவன் நான். என் உயிரான ஒரு சாமானை ஏன் பத்து வருடம் டின்னில் போட்டு மேலே வைத்தேன்? கெட்டுப்போனது என்று எல்லாரிடமும் சொன்னேனே, ஏன் ஒரு நாளும் திறக்கவில்லை? உள்ளே உப்பு இருக்காதோ என்று எனக்கு எங்கேயோ பயம் இருந்தது. அன்று நீ "சரி" என்று சொன்ன விதம் பொய் சொன்னவன் சொல்கிற விதமாக இல்லை. அது அன்றே எனக்குத் தெரியும். தெரிந்தும் டின்னை மூடினேன். அடித்தது கோபத்தில் நடந்தது. மூடி வைத்தது கோபத்தில் நடக்கவில்லை தம்பி. நிதானமாக, தெரிந்தே செய்தேன். இதற்குத்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பாக்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வார்கள். சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் வாய் சும்மா இருக்காதே. நாளைக்கு உனக்கும் சுகன்யாவுக்கும் நடுவில் ஏதாவது இறுகிப்போகும், இறுகாத வீடு கிடையாது. அப்போது பார்த்த மாத்திரத்தில் இது இன்னதுதான் என்று தீர்ப்பு எழுதிவிடாதே. அவள் மூன்று தடவை ஒன்றைச் சொன்னால், நான்காவது தடவை சொல்ல வைக்காதே. என்னைப்போல் பத்து வருடம் வேண்டாம், அன்றைக்கே உட்கார்ந்து பேசு. அவள் கேள்வி கேட்கிற பெண். "கெட்டதா, மாட்டிக்கிச்சா" என்று கேட்டாளே, அப்படிக் கேட்க நம் வீட்டில் இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. அவள் கேட்கும்போது கோபப்படாமல் பதில் சொல்லு, தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லு.

மல்டிடூலைப் பழையபடி சேர்த்துப் பூட்டிவிட்டேன். சந்தனம் முழுவதையும் எடுத்து, பழைய பிரஷால் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, படங்களைக் கடைசியிலிருந்து பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக வைத்தேன். ஒரு வாஷரைத் தலைகீழாக வைத்துவிட்டு மறுபடி பிரித்தேன், திட்டுவதற்கு ஆள் இல்லாததால் என்னையே திட்டிக்கொண்டேன். மூட்டுக்கு ஒரே ஒரு துளி எண்ணெய். ஸ்க்ரூவை முழுதாக இறுக்கிவிட்டு, கத்தி ஆடாமலும் சிக்காமலும் திறக்கிற இடம் வரும்வரை இம்மி இம்மியாகத் தளர்த்தினேன். இப்போது ஒற்றை விரலில் திறக்கிறது. எல்லாக் கையையும் விரித்தால், நீ ஆறு வயதில் எண்ணினாயே, அத்தனையும் இருக்கிறது. அது உனக்குத்தான். நீ வரும்போது சாப்பாட்டு மேசையில் வைத்திருப்பேன். என் கையிலிருந்து வாங்க வேண்டாம். நீயே எடுத்துக்கொள்.

இப்போது அந்தக் காகித மடிப்பைப் பிரி. ஊதிவிடாதே. கத்திக்கு அடியிலிருந்து நான் சுரண்டி எடுத்தது அதுதான். விரலில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்து முகர்ந்து பார். நீ பொய் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி அது, உன்னிடமே இருக்கட்டும். அன்று வாசலில் நின்ற உன் கூட்டாளிகள் மூன்று பேரும் கல்யாணத்துக்கு வருகிறார்கள் என்று அம்மா சொன்னாள். அவர்களிடம் நானே சொல்லிவிடுகிறேன், நீ சொல்ல வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கார் சாவியை மேசையில் வைத்தேன், சட்டையை வைத்தேன், இதோ மல்டிடூலையும் வைக்கிறேன், எல்லாவற்றையும் நீ அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். நலுங்குச் சந்தனத்தை மட்டும் மேசையில் வைக்க முடியாது தம்பி. நீதான் நெற்றியைக் காட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொள். அம்மா சொன்ன மாதிரி ஒரே ஒரு பொட்டு. இந்தத் தடவை கொஞ்சமாகத்தான் வைப்பேன்.

அப்பா